கிர்கிஸ்தான்: தன் தெற்குக்குப் போகவே வழி தேடிய நாடு

“உறவுக்காரப் பையன் பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கிறான். குளிர்காலத்தில் கரண்ட் போய்விடுகிறது என்கிறான். மலை, ஆறு, பெரிய அணை, தங்கச் சுரங்கம் எல்லாம் இருக்கிற நாடு, சுதந்திரம் பெற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஏன் இப்படி இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். மின்வெட்டை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நில அமைப்பு, எல்லைக்கோடு, சோவியத் காலத்துத் திட்டம் மூன்றும் அதில் பின்னிக் கிடக்கின்றன. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வரைபடம். கிர்கிஸ்தானின் பரப்பு ஏறத்தாழ 2 லட்சம் சதுர கி.மீ. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலை. தியான் ஷான் தொடர்கள் நாட்டின் குறுக்கே கிழக்கு மேற்காகப் படுத்திருக்கின்றன. சீன எல்லையில் நிற்கும் ஜெங்கிஷ் சோகுசு சிகரத்தின் உயரம் 7,439 மீட்டர். மக்கள்தொகை இன்று 70 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. அதில் பெரும்பாலோர் இரண்டு ஓரங்களில்தான் இருக்கிறார்கள். வடக்கே பிஷ்கெக் இருக்கும் சூய் பள்ளத்தாக்கு ஒன்று. தெற்கே ஓஷ், ஜலால்-அபாத் நகரங்கள் இருக்கும் ஃபெர்கானா பள்ளத்தாக்கின் விளிம்பு இன்னொன்று. நடுவில் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்கள். வடக்கு கஜகஸ்தானைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது, தெற்கு உஸ்பெகிஸ்தானைப் பார்த்து. கடல் எந்தத் திசையிலும் பக்கத்தில் இல்லை.

சோவியத் காலத்தில் இது யாரையும் உறுத்தவில்லை. குடியரசுகளுக்கு இடையே இருந்த கோடுகள் நிர்வாகக் கோடுகள்தான். சோதனைச் சாவடி கிடையாது, சுங்கம் கிடையாது. அதனால் பொறியாளர்கள் சமவெளி எங்கே சுலபமாகக் கிடைத்ததோ அங்கே தண்டவாளத்தையும் குழாயையும் கம்பியையும் போட்டார்கள். வடக்கில் கஜகஸ்தானின் லுகோவாயாவிலிருந்து பிஷ்கெக் வழியாக இசிக்-குல் ஏரிக்கரையில் உள்ள பாலிக்சி வரை ஒரு ரயில் பாதை. தெற்கில் உஸ்பெகிஸ்தானின் பாதையிலிருந்து ஓஷுக்கும் ஜலால்-அபாத்துக்கும் சுரங்க ஊர்களுக்கும் நீட்டிவிட்ட சின்னச் சின்னக் கிளைகள். எல்லாம் சேர்த்து 400 கி.மீ.க்குச் சற்று அதிகம். வடக்குப் பாதையும் தெற்குக் கிளைகளும் நாட்டுக்குள் எங்கேயும் சந்திக்கவில்லை. தலைநகரிலிருந்து ஓஷுக்கு ரயிலில் போக வேண்டுமானால் கஜகஸ்தானையும் உஸ்பெகிஸ்தானையும் கடந்துதான் போக வேண்டும்.

1991 ஆகஸ்ட் 31 அன்று சுதந்திரம் அறிவித்தபோது இந்தக் கோடுகள் எல்லாம் சர்வதேச எல்லைகள் ஆகின. என் கணிப்பில், கிர்கிஸ்தானின் அதற்குப் பிந்தைய கதை பெரும்பாலும் இந்த ஒரே வேலைதான்: தன் வடக்கையும் தெற்கையும் தன் மண் வழியாகவே இணைப்பது. அதற்கான செலவுதான் கடனாகவும் மின்தட்டுப்பாடாகவும் இன்னும் தெரிகிறது.

சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிஷ்கெக்–ஓஷ் சாலை 600 கி.மீ.க்கு மேல். கரா-பால்தாவைத் தாண்டியதும் மலை ஏறி, தோ-அஷூ கணவாயின் உச்சிக்குக் கீழே குடைந்த இரண்டரை கி.மீ. சுரங்கப்பாதையில் நுழைந்து, சூசமிர் புல்வெளியில் இறங்கி, மறுபடி அலா-பெல் கணவாய் ஏறி, தோக்தோகுல் நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு தெற்கே போகும். குளிர்காலத்தில் பனிச்சரிவு வந்தால் சாலை மூடப்படும். நாட்டின் இரண்டு பாதிகளும் அன்றைக்குத் துண்டாகிவிடும். அப்படிப்பட்ட சாலையும் தெற்கில் சில இடங்களில் உஸ்பெக் மண்ணில் புகுந்து வெளியே வந்தது. 1990-களின் கடைசியில் உஸ்பெகிஸ்தான் எல்லையை இறுக்கியதும், நேராகப் போன இடங்களுக்கு உஸ்கென் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றிடம் கடன் வாங்கி இந்தச் சாலையைச் செப்பனிட்டார்கள். அது போதாது என்று, பாலிக்சியிலிருந்து நாட்டின் நடுவே ஜலால்-அபாத் போகும் இரண்டாவது வடக்கு–தெற்குச் சாலையைச் சீனக் கடனில் தொடங்கினார்கள்.

எரிவாயுவும் இதே மாதிரிதான். வடக்குக்கும் தெற்குக்கும் தனித்தனிக் குழாய், இரண்டும் உஸ்பெகிஸ்தானிலிருந்து. பணம் கட்டத் தாமதமானால் வால்வு மூடப்படும். கடனில் மூழ்கிய அரசு எரிவாயு நிறுவனம் கடைசியில் ரஷ்யாவின் காஸ்ப்ரோமுக்கு விற்கப்பட்டது. பெயரளவு விலை 1 டாலர், கூடவே அதன் கடன்களும். 2014 ஏப்ரலில் நிர்வாகம் கைமாறியதும் உஸ்பெகிஸ்தான் தெற்குக்கான வாயுவை நிறுத்திவிட்டது. ஓஷ் நகர மக்கள் அந்த ஆண்டு டிசம்பர் கடைசி வரை விறகிலும் சாணத்திலும் மின் அடுப்பிலும் சமைத்தார்கள்.

சரி, உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம்: தண்ணீர்.

நாரின் ஆறு தியான் ஷான் பனியாறுகளில் பிறந்து மேற்கே ஓடி, ஃபெர்கானா பள்ளத்தாக்கில் கரா தரியாவோடு சேர்ந்து சிர் தரியா ஆகிறது. அந்தச் சிர் தரியாதான் உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், தெற்குக் கஜகஸ்தான் வயல்களுக்குப் பாசனம். சோவியத் அரசுக்குப் பருத்தி வேண்டும். பருத்திக்குக் கோடையில் தண்ணீர் வேண்டும். அதற்காக நாரினின் குறுக்கே 215 மீட்டர் உயரத்தில் தோக்தோகுல் அணையைக் கட்டினார்கள். 1970-களின் நடுவில் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அப்போதைய திறன் 1,200 மெகாவாட். நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு 1,950 கோடி கன மீட்டர். கெத்மென்-தோபே பள்ளத்தாக்கின் கிராமங்களும் நல்ல விளைநிலங்களும் அதில் மூழ்கின. தோக்தோகுலுக்குக் கீழே குர்ப்சாய், தாஷ்-கோமுர், ஷமால்தி-சாய், உச்-குர்கான் என்று அடுத்தடுத்து மின்நிலையங்கள். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் நீர்மின்சாரம், அதில் பெரும்பகுதி இந்த ஒரே ஆற்றிலிருந்து.

அன்றைய ஏற்பாடு எளிமையானது. கோடையில் கிர்கிஸ்தான் தண்ணீரைத் திறந்துவிடும். அதோடு வரும் மின்சாரம் பொதுக் கட்டமைப்புக்குப் போய்ப் பாசன பம்புகளை ஓட்டும். குளிர்காலத்தில் தண்ணீரைத் தேக்கி வைக்கும். அப்போது வீடுகளைச் சூடாக்கக் கஜகஸ்தானிலிருந்து நிலக்கரியும் உஸ்பெகிஸ்தானிலிருந்து எரிவாயுவும் வரும். கணக்கை மாஸ்கோ பார்த்துக்கொள்ளும். அணையை எந்த மாதம் எவ்வளவு திறப்பது என்பதையும் மாஸ்கோதான் முடிவு செய்தது.

1991-க்கு அப்புறம் அண்டை நாடுகள் நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் உலக விலையை நோக்கிக் கேட்டன. தண்ணீருக்கு மட்டும் விலை கிடையாது. கையில் டாலர் இல்லாத கிர்கிஸ்தான் தனக்குத் தெரிந்த ஒரே வழியை எடுத்தது: குளிர்காலத்தில் அணையைத் திறந்து மின்சாரம் எடுத்தது. இதில் எல்லோருக்கும் நஷ்டம். குளிர்காலத்தில் கீழே போன தண்ணீர் உறைந்த சிர் தரியாவில் வெள்ளமாகி, உஸ்பெகிஸ்தானின் அர்னசாய் பள்ளத்தில் போய்த் தேங்கியது. அங்கே இருந்த ஏரிகள் 1990-களில் பெருத்துப் போனதற்கு இது முக்கியக் காரணம். கோடையில் பருத்திக்குத் தண்ணீர் குறைந்தது. ஆரல் கடலுக்குப் போக வேண்டியதும் வழியிலேயே நின்றது. 1998-ல் கஜகஸ்தான், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் மூன்றும் பிஷ்கெக்கில் ஓர் ஒப்பந்தம் போட்டன: கோடைத் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஈடாக எரிபொருள். ஒவ்வொரு ஆண்டும் அளவை உட்கார்ந்து பேச வேண்டும் என்பதால் அது சீக்கிரமே நொண்டியது. நல்ல மழை பெய்த ஆண்டில் கீழே உள்ளவர்களுக்குத் தண்ணீர் வேண்டியதில்லை, அதனால் நிலக்கரி வராது. நிலக்கரி வராவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் அணை காலி. 2001-ல் கிர்கிஸ் நாடாளுமன்றம் அண்டை நாடுகளுக்குப் போகும் தண்ணீருக்கு விலை உண்டு என்று சட்டமே போட்டது. யாரும் கட்டவில்லை.

2007–08 குளிர்காலம் கடுமையாக வந்தது. அந்த வசந்தத்தில் தோக்தோகுலின் நீர் 650 கோடி கன மீட்டருக்கு அருகே இறங்கிவிட்டது. 550 கோடிக்குக் கீழே போனால் இயந்திரங்களை நிறுத்த வேண்டும். ஊர் ஊராக மின்வெட்டு. 2009-ல் உஸ்பெகிஸ்தான் மத்திய ஆசியப் பொது மின்கட்டமைப்பிலிருந்து விலகியது. 2010 ஜனவரியில் அதிபர் பாகியேவ் அரசு மின்கட்டணத்தையும் வெப்பக் கட்டணத்தையும் கடுமையாக உயர்த்தியது. ஏப்ரலில் எழுந்த கிளர்ச்சியில் அவர் நாட்டைவிட்டு ஓடினார். குடும்ப ஊழல், அடக்குமுறை என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் மக்களைத் தெருவுக்கு இழுத்ததில் கரண்ட் பில்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் பாடம் அடுத்து வந்த ஆட்சிகளை வேறு விதமாகப் பயமுறுத்தியது. கட்டணத்தைத் தொடவே தயங்கினார்கள். பல ஆண்டுகள் வீட்டுக்கான மின்சாரம் முதல் 700 யூனிட் வரை யூனிட்டுக்கு 77 தியின். ஒரு சோமில் முக்கால் பங்கு, ஏறத்தாழ 1 அமெரிக்க சென்ட். உற்பத்திச் செலவுக்கே இது கட்டுப்படியாகாது. ஏழை வீடுகளுக்கு அது உதவி என்பதை மறுக்கவில்லை. ஆனால் மின்சாரம் இவ்வளவு மலிவானால் எல்லோரும் நிலக்கரியை விட்டு மின் ஹீட்டருக்கு மாறுவார்கள், மாறினார்கள். குளிர்காலத் தேவை கோடையைவிடப் பல மடங்கு ஏறியது. பராமரிப்புக்கோ பணம் இல்லை. 2018 ஜனவரியில், பிஷ்கெக்கில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே குளிர் இறங்கியிருந்தபோது, நகருக்கு வெந்நீர் வெப்பம் தரும் அனல் மின்நிலையம் பழுதாகி வீடுகள் உறைந்தன. அதே நிலையத்தைப் புதுப்பிக்கத்தான் அதற்குச் சற்று முன்பு சீனாவின் எக்ஸிம் வங்கியிடமிருந்து 38.6 கோடி டாலர் கடன் வாங்கியிருந்தார்கள். அந்த ஊழல் வழக்கில் முன்னாள் பிரதமர்களே தண்டிக்கப்பட்டார்கள்.

சீனக் கடன் எல்லாமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. நாரின் அணைகளில் எடுத்த மின்சாரத்தில் ஒரு பகுதி உஸ்பெக் கட்டமைப்புக்குள் போய்த்தான் கிர்கிஸ்தானின் தெற்கு மாவட்டங்களுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. 2015-ல் முடிந்த தாத்கா–கெமின் 500 கிலோவோல்ட் கம்பித்தடமும் அதற்கு முன்பு கட்டிய தாத்கா துணைமின் நிலையமும் அந்தச் சார்பை முடித்துவைத்தன. இருபத்து நான்கு ஆண்டு கழித்து ஒரு நாடு தன் மின்சாரத்தைத் தன் மண்ணிலேயே தெற்கிலிருந்து வடக்குக்கு அனுப்ப முடிந்தது. இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். ஆனால் இந்த மாதிரி திட்டங்களால் வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீனாவின் அந்த எக்ஸிம் வங்கி ஒன்றுக்கே கட்ட வேண்டியதாயிற்று.

இதற்கிடையே மக்கள் எப்படிப் பிழைத்தார்கள்? 1990-களின் முதல் பாதி கொடுமையானது. உற்பத்தி ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. பிஷ்கெக்கின் இயந்திரத் தொழிற்சாலைகளும் கியூபாவிலிருந்து வந்த கச்சாச் சர்க்கரையைச் சுத்திகரித்த ஆலைகளும் வாங்குவார் இல்லாமல் நின்றன. ரஷ்யர்களும் ஜெர்மானியர்களும் கூட்டமாக வெளியேறினார்கள்; அவர்களோடு பொறியாளர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள் பலர் போய்விட்டார்கள். கூட்டுப்பண்ணைகள் கலைந்தபோது ஆடுகளை விற்றும் அடித்தும் சாப்பிட்டார்கள். 1990-ல் ஏறத்தாழ 1 கோடியாக இருந்த எண்ணிக்கை சில ஆண்டுகளில் 40 லட்சத்துக்கும் கீழே போனது. இயற்பியலாளரான முதல் அதிபர் அஸ்கர் அகாயேவ் சீர்திருத்தத்தில் அவசரம் காட்டினார். 1993 மே மாதம் ரூபிளைக் கைவிட்டு சோம் என்ற சொந்த நாணயம். 1998 டிசம்பரில் முன்னாள் சோவியத் குடியரசுகளில் முதலாவதாக உலக வர்த்தக அமைப்பில் இடம்.

அந்தத் திறந்த வாசலைப் பயன்படுத்திக்கொண்டது தொழிற்சாலை அல்ல, சந்தை. பிஷ்கெக் ஓரத்தில் 1992-ல் தொடங்கிய தோர்தோய் சந்தையில் கப்பல் கன்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்கு வைத்து, கீழே கடை, மேலே கிடங்கு என்று ஒரு நகரமே உருவானது. 3,752 மீட்டர் உயரத் தோருகார்த் கணவாய் வழியாகவும் தெற்கே இர்கெஷ்தாம் வழியாகவும் சீனத் துணியும் செருப்பும் பாத்திரமும் குறைந்த சுங்கத்தில் வந்து இறங்கி, கஜகஸ்தானுக்கும் ரஷ்யாவுக்கும் ஏறிப் போயின. சீனத் துணியை வாங்கித் தைத்து ரஷ்யாவுக்கு அனுப்பும் தையல் பட்டறைகள் பிஷ்கெக்கில் நூற்றுக்கணக்கில் முளைத்தன. வேலை இழந்த ஆசிரியைகளும் பொறியாளர்களும் இங்கேதான் வியாபாரிகளானார்கள். எந்த அரசுத் திட்டத்தையும்விட இந்தச் சந்தைதான் அந்த மக்களைத் தாங்கியது.

தங்கம் இதற்கு நேர் எதிர். ஒரே இடம், ஒரே சுரங்கம். இசிக்-குல் ஏரிக்குத் தெற்கே 4,000 மீட்டர் உயரத்தில், பனியாறுகளுக்கு நடுவே கும்தோர். 1997-ல் கனடாவின் கமேக்கோ நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு இது மட்டுமே. 2012-ல் சுரங்கக் குழிக்குள் பனிக்கட்டி நகர்ந்து வேலை தடைப்பட்டபோது நாட்டின் பொருளாதாரமே அந்த ஆண்டு சுருங்கியது. 1998 மே மாதம் சயனைடு ஏற்றிவந்த லாரி பர்ஸ்கோன் ஆற்றில் கவிழ்ந்ததை அந்தப் பக்கத்துக் கிராமங்கள் இன்னும் மறக்கவில்லை. பனியாற்றின் மேல் பாறைக் கழிவைக் கொட்டியது பற்றியும் நீண்ட காலம் சண்டை நடந்தது. அது சும்மா சுற்றுச்சூழல் புகார் அல்ல. நாரின் ஆற்றின் தலைநீரே அந்த மலைகளிலிருந்துதான் வருகிறது. 2021-ல் அதிபர் சாதிர் ஜபாரோவ் அரசு சுரங்கத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்தது. 2022-ல், அதுவரை சுரங்கத்தை நடத்திவந்த கனடாவின் சென்டெரா நிறுவனத்துடன் சமரசம் ஆனது. லாபம் இப்போது முழுவதும் அரசுக்கு. அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி கணக்கு காட்டுகிறார்களா என்பதுதான் நான் கவனிக்கும் விஷயம்.

அப்புறம் ஆட்கள். லட்சக்கணக்கான கிர்கிஸ் இளைஞர்கள் ரஷ்யாவில் கட்டட வேலை, டாக்ஸி, துப்புரவு வேலை பார்க்கிறார்கள். சில ஆண்டுகளில் அவர்கள் அனுப்பிய பணம் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தது. 2015 ஆகஸ்ட்டில் ரஷ்யா தலைமையிலான பொதுச் சந்தையான யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்ததற்கு முக்கியக் காரணமே இந்தத் தொழிலாளர்களுக்கு ரஷ்யாவில் தனி வேலை அனுமதி தேவைப்படாது என்பதுதான். பதிலுக்குச் சுங்க வரி ஏறியது. தோர்தோயின் வியாபாரம் ஒடுங்கியது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கி ரஷ்யா மீது தடைகள் வந்ததும் நிலைமை தலைகீழாக மாறியது. கார், மின்னணுச் சாமான் எல்லாம் கிர்கிஸ்தான் வழியாக ரஷ்யாவுக்குப் பாய்ந்தன. 2024-ல் பொருளாதார வளர்ச்சி 9 சதவீதம். இது நிலைக்கும் வளர்ச்சி என்று நான் நம்பவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா ஒரு கிர்கிஸ் வங்கி மீதே தடை விதித்தது.

உங்கள் உறவுக்காரப் பையனும் இந்தப் பொருளாதாரத்தில் ஒரு பங்குதான். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆயிரக்கணக்கில் மாணவர்கள் பிஷ்கெக்குக்கும் ஓஷுக்கும் போகிறார்கள், தமிழ்நாட்டிலிருந்தும் கணிசமாக. கட்டணம், வாடகை, சாப்பாடு என்று டாலர் வரும் துறை அது. 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர்கள் தங்கியிருந்த விடுதிகளைக் கும்பல் தாக்கியது நினைவிருக்கலாம். வேலை இல்லாமல் தன் பிள்ளைகளை மாஸ்கோவுக்கு அனுப்பும் ஒரு நகரத்தில் வெளிநாட்டார் மீது கோபத்தை மூட்டுவது சுலபம்; அதற்காக அந்தத் தாக்குதலை நியாயப்படுத்தவே முடியாது.

நல்ல செய்தியும் இருக்கிறது. உஸ்பெகிஸ்தானில் 2016-ல் ஆட்சி மாறியதும் எல்லை இளகியது. ஓஷுக்குப் பக்கத்தில் 2010 முதல் அடைத்துக் கிடந்த தோஸ்துக் சாவடி 2017 செப்டம்பரில் திறந்தது. தஜிகிஸ்தானோடு 2021-லும் 2022-லும் பத்கென் பகுதியில் துப்பாக்கிச் சண்டையே நடந்து, இரு பக்கமும் உயிர்கள் போயின. முதல் சண்டை மூண்டது ஒரு நீரெடுப்பு நிலையத்தின் பக்கத்தில். 2025 மார்ச் 13 அன்று இரு நாடுகளும் எல்லையை முடிவாக வரையறுத்துக் கையெழுத்திட்டன.

எல்லை அடங்கியதால்தான் பழைய கனவுகள் அசைகின்றன. சீனாவின் காஷ்கரிலிருந்து தோருகார்த், மக்மல், ஜலால்-அபாத் வழியாக உஸ்பெகிஸ்தானின் அந்திஜானுக்குப் போகும் ரயில் பாதை இருபது வருஷத்துக்கு மேல் பேச்சில் இருந்தது. 2024 டிசம்பரில் கிர்கிஸ்தானில் வேலை தொடங்கியது. திட்ட நிறுவனத்தில் சீனாவுக்கு 51 சதவீதம், மற்ற இருவருக்கும் 24.5 சதவீதம் வீதம். சீனத் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், சோவியத் அகலம் 1,520. இரண்டும் சந்தித்துச் சரக்கு மாற்றும் இடத்தை மக்மலில் வைக்கச் சொல்லி கிர்கிஸ்தான் சாதித்தது நல்ல காரியம். கிடங்கும் வேலையும் அங்கே கொஞ்சம் வளரும். ஆனால் இந்தப் பாதையும் பிஷ்கெக்கைத் தொடாது.

மின்சாரத்துக்கான விடை நாரினின் மேற்பகுதியில் இருக்கிறது. 1986-ல் தொடங்கி, சோவியத் உடைந்ததும் நின்றுபோன கம்பர்-அதா 1 அணை. திட்டத் திறன் 1,860 மெகாவாட். ரஷ்யாவுடன் 2012-ல் போட்ட ஒப்பந்தம் பணம் வராமல் 2016-ல் ரத்தானது. இப்போது கஜகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் பங்காளிகளாக வருகின்றன: கிர்கிஸ்தானுக்கு 34 சதவீதம், மற்றவர்களுக்கு 33 சதவீதம் வீதம். ஒரு காலத்தில் இந்த மாதிரி மேல்நதி அணைகளால் போரே வரலாம் என்று எச்சரித்த நாடு உஸ்பெகிஸ்தான். அது மனம் மாறியதற்குப் பொறியியல் காரணம் உண்டு. கம்பர்-அதா தோக்தோகுலுக்கு மேலே இருக்கிறது. குளிர்காலத்தில் அதைத் திறந்து கிர்கிஸ்தான் மின்சாரம் எடுக்கலாம். அந்தத் தண்ணீர் வயலுக்குப் பயன்படாமல் வீணாய் ஓடிப் போகாது, கீழே தோக்தோகுலில் தங்கும். கோடையில் தோக்தோகுல் திறந்தால் பருத்திக்கும் நெல்லுக்கும் கிடைக்கும். 1991-ல் அறுந்துபோன கணக்கை மாஸ்கோ இல்லாமல் மூன்று நாடுகளும் சேர்ந்து மறுபடி எழுதுவதற்கு இதுதான் வாய்ப்பு.

அது கட்டி முடியப் பல ஆண்டுகள் ஆகும், செலவும் பல நூறு கோடி டாலர். அதுவரை நிலைமை இறுக்கம்தான். 2023 ஆகஸ்ட் 1 முதல் 2026 முடிவு வரை எரிசக்தித் துறையில் அவசரநிலை என்று ஜபாரோவ் அறிவித்திருக்கிறார். குளிர்காலத்தில் அண்டை நாடுகளிலிருந்து மின்சாரம் வாங்கி, கோடையில் தண்ணீர் வளமாக இருக்கும்போது திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் நடக்கிறது. கட்டணத்தையும் மெல்ல உயர்த்தத் தொடங்கியிருக்கிறார்கள். கம்பர்-அதா விஷயத்தில் நான் பார்க்கக் காத்திருப்பது கான்கிரீட்டை அல்ல, இயக்க விதிகளை. வறண்ட ஆண்டில் எந்த மாதம் எவ்வளவு திறப்பது, அதனால் யாருக்கு நஷ்டம், அதை யார் ஈடு கட்டுவது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். 1998 ஒப்பந்தம் முறிந்தது சரியாக அந்த இடத்தில்தான்.